142 அடி பெத்லகேம்

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் எதையும் குப்பையில் போட முடியாது. ப்யூஸ் போன பல்பு, டேப் ரிக்கார்டரில் சிக்கி நாடா வெளியே வந்த கேசட், சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாள், காலி ஊசிமருந்துக் குப்பி, கல்யாணப் பத்திரிகையின் ஜிகினா எழுத்து, திராட்சையை உதிர்த்துத் தின்றுவிட்டுப் போட்ட காம்பு என்று எல்லாமே அப்பாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கிற சாக்குக்குள் போக வேண்டும். வீடு கூட்டும்போது அம்மா விளக்குமாற்றை நிறுத்தி, "ஏங்க, இது வேணுமா வேணாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு கூட்டுவாள். பதில் எப்போதும் ஒன்றுதான். "கெடக்கட்டும்."

அப்பா வீட்டு வயரிங் வேலை பார்த்தவர். உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற ரோட்டில் அனுமந்தன்பட்டி எங்கள் ஊர். கிழக்கே மேகமலை, மேற்கே இடுக்கி மலை, நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும் வாழையும் திராட்சையுமாக விளைகிற பள்ளத்தாக்கு. நான் சொல்கிற காலத்தில் இதெல்லாம் மதுரை மாவட்டம். தேனி தனி மாவட்டமானது 1996-இல். எங்கள் ஊரிலும் பக்கத்து இராயப்பன்பட்டியிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. மார்கழி வந்தால் ஒரு தெருவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, இன்னொரு தெருவில் கிறிஸ்துமஸ் பஜனை, மெயின் ரோட்டில் விடிய விடிய ஐயப்ப சாமிகளின் வேன்கள். குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகிறவர்களுக்கு எங்கள் வாசல்தான் பாதை. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வருகிற சாமிகள் டீ குடிக்க இறங்கும்போது எங்கள் வீட்டை நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. வாயால் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் நட்சத்திரத்தை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டினார் என்று பார்த்தால் தெரிந்துவிடும். கோயில் பக்கம் அல்ல, டீக்கடைப் பக்கம்.

இப்படிப் பழைய சாமானில் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்வதை இப்போது மறுசுழற்சி என்று சொல்லிப் பாராட்டுகிறார்கள். அப்பாவுக்கு அப்படியெல்லாம் ஒரு எண்ணம் கிடையாது. அது பாதி கஞ்சத்தனம், பாதி பகட்டு. கடையில் நட்சத்திரம் வாங்க வழியில்லாத வீடும் இல்லை எங்களுடையது. "காசு குடுத்தா எவனும் வாங்கிட்டு வந்துரலாம். இது மாதிரி எங்க கெடைக்கும்?" என்பார். எங்கேயும் கிடைக்காது என்பது உண்மை. வேறு யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை என்பதும் உண்மை.

வயரிங்காரர் வீட்டில் ப்யூஸ் போன பல்புக்குப் பஞ்சமில்லை. வேலைக்குப் போகிற வீடுகளில் புது பல்பு மாட்டிவிட்டு, பழையதைக் கேட்டு வாங்கி பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். பல்பின் பித்தளைத் தொப்பிக்கு அடியில் கறுப்பாக ஒரு அரக்கு இருக்கும். அதைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்து, உள்ளே நிற்கிற கண்ணாடித் தண்டை ஒரே ஒரு தட்டில் உடைத்துக் கொட்ட வேண்டும். கொஞ்சம் ஓங்கித் தட்டினால் பல்பே போய்விடும், மெதுவாகத் தட்டினால் உடையாது. சரியாக வந்தால் கையில் ஒரு மெல்லிய கண்ணாடிக் கூடு மிஞ்சும். அதற்குள் வெள்ளித்தாளில் வெட்டிய ஒரு குட்டி நட்சத்திரத்தை நூலில் தொங்கவிட்டு, அடியில் ஒரு சிட்டிகை இலவம்பஞ்சைத் தூவி, வாயைத் துணி வைத்து அடைப்பார். உடையாமல் தேறியதெல்லாம் மரத்துக்குப் போகும். ஓரத்தில் கீறல் விழுந்தது சித்தப்பாவிடம் போகும். சித்தப்பா லாரிகளுக்குப் பின்னால் படம் வரைகிறவர். அவர் கை எல்லா முகத்துக்கும் முறுக்கு மீசைதான் வைக்கும். எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் தாத்தாக்கள் அத்தனை பேரும் ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கிற சாமியின் முகத்தோடு, தாடி மட்டும் வெள்ளையாக, சில்வர் ஓக் கிளையில் தொங்குவார்கள்.

அந்தக் கிளை மலையிலிருந்து வரும். குமுளிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிற சின்ன மாமா, மிளகுக்கொடி ஏற்றிவிடுகிற சில்வர் ஓக்கில் கழித்துப் போட்ட கிளை ஒன்றை ஜீப்பின் மேல் கட்டிக் கொண்டுவருவார். இலையின் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னும். அழகுதான், ஆனால் நாலே நாளில் காய்ந்து உதிர ஆரம்பித்துவிடும். கிறிஸ்துமஸ் அன்று பார்த்தால் மரத்தில் இலையைவிடத் தாத்தாக்கள் அதிகம் இருப்பார்கள்.

சீரியல் செட்டும் கைவேலைதான். அப்போது சீன விளக்குச் சரம் வரவில்லை. டார்ச் லைட்டுக்குப் போடுகிற 6 வோல்ட் பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், 40 பல்பு சேர்ந்ததும் வீட்டு மின்சாரத்தைத் தாங்கும். ஆறு நாற்பது இருநூற்று நாற்பது. வாய்ப்பாட்டை நான் அங்கேதான் படித்தேன். பல்புகளைக் கலர் வார்னிஷில் முக்கி எடுத்துக் கொடியில் காயவைப்போம். இதில் ஒரு தொல்லை, ஒரு பல்பு போனால் நாற்பதும் அணைந்துவிடும். எது போனது என்று கண்டுபிடிக்க, அப்பா ஒரு வயர்த் துண்டை வைத்து ஒவ்வொரு பல்பின் இரண்டு காலையும் தொட்டுக்கொண்டே போவார். எதைத் தொட்டதும் சரம் எரிகிறதோ அதுதான் குற்றவாளி. அது வரைக்கும் இருட்டில் பஜனைக்காரர்கள் வாசலில் மேளத்தோடு காத்து நிற்பார்கள். 1882 டிசம்பரில் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் என்பவர்தான் கிறிஸ்துமஸ் மரத்துக்கு முதன்முதலில் மின்விளக்கு போட்டாராம், 80 பல்பு. இதை நான் காலேஜில் படித்துவிட்டு வந்து அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "சீரியலா, பேரலலா?"

நட்சத்திரம் பெரிய வேலை. கம்பத்தில் கூடை முடைகிறவர்களிடம் மூங்கில் பத்தை வாங்கி, ஐந்து முனை வைத்து ஒரே அளவில் இரண்டு சட்டம் கட்ட வேண்டும். இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டி, நடுவில் குச்சிகளைக் குறுக்கே கொடுத்தால் வயிறு புடைத்துக்கொண்டு எழும். கலர்த்தாள் ஒட்ட மைதாப் பசை. அந்தப் பசையில் துளி மயில்துத்தம் கலப்பார் அப்பா, பூச்சியும் எலியும் தாளைத் தின்னாமல் இருக்க. மயில்துத்தத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். சுருளிப்பட்டியில் பெரிய மாமாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. கொடியில் வருகிற அடிச்சாம்பல் நோய்க்குத் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிப்பார்கள். போர்டோ கலவை என்று எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவருக்கும் தெரியும். பிரான்சில் போர்டோ நகரத்துப் பக்கம் 1880-களில் திராட்சைக்காகவே கண்டுபிடித்த மருந்து அது. எங்கள் பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவரும் 1832-இல் வந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் என்று சொல்வார்கள். 2023-இல் அந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேப்பரிலும் அதைப் போட்டிருந்தார்கள். ஆக, பசையிலேயே கொஞ்சம் பிரான்சு இருந்தது. "கைய நக்கிராதீங்கடா, வெசம்" என்று அப்பத்தா பசைச் சட்டிக்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்திருப்பாள்.

உள்ளே ஜீரோ வாட்ஸ் பல்பு. பேர்தான் ஜீரோ, எப்படியும் 15 வாட்ஸ் இழுக்கும் என்று அதை மாட்டும்போதெல்லாம் சொல்வது அப்பாவுக்கு ஒரு சடங்கு.

நட்சத்திரத்தின் வாலும் சுருளிப்பட்டியிலிருந்துதான் வந்தது. பழம் கனியும் பருவத்தில் கிளிகளை விரட்ட மாமா தோட்டத்துப் பந்தலில் கேசட் நாடாவை இழுத்துக் கட்டியிருப்பார்கள். காற்றில் அது பளபளவென்று நடுங்கி, ஒரு மாதிரி விம்மும். அறுவடை முடிந்ததும் அதைச் சுருட்டி எங்களுக்குக் கொடுத்துவிடுவார். கேசட்டெல்லாம் பெரும்பாலும் இளையராஜா. எங்களுக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரம், அவருடைய ஊர். அவர் பாட்டை ரிக்கார்டிங் சென்டரில் கொடுத்துப் பதிந்து, தேயத் தேயக் கேட்டு, நாடா சிக்கியதும் கிளி விரட்டக் கட்டி, கடைசியில் அது எங்கள் வீட்டு நட்சத்திரத்துக்கு வாலானது. ராத்திரி காற்றடிக்கும்போது மாடியில் அது முனகுவது கேட்கும். அது என்ன பாட்டு என்று நானும் தங்கச்சியும் படுத்துக்கொண்டே பந்தயம் கட்டுவோம்.

திராட்சைக் காம்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அப்பா செய்ததிலேயே உண்மையில் அழகான பொருள் அது ஒன்றுதான். பழத்தை உதிர்த்துவிட்ட கொத்துக் காம்பை நிழலில் காயவைத்தால் பச்சை போய்ப் பழுப்பாகி விறைத்துவிடும். அதைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். கொத்தின் அகன்ற தோள் கீழே, கூரிய நுனி மேலே. கிளைகள் அடுக்கடுக்காகச் சிறுத்துக்கொண்டே போய் ஒரு குட்டி கிறிஸ்துமஸ் மரம் நிற்கும். ஒவ்வொரு கிளை நுனியிலும் பழம் இருந்த இடத்தில் ஒரு சின்ன மொட்டு. அதை அலுமினியம் பெயிண்டில் முக்கி எடுத்து, சொட்டு வடியும் வரை கையிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். வைத்துவிட்டால் கிளைகள் ஒட்டிக்கொள்ளும். எல்லாரும் திராட்சை தின்கிறோம், காம்பை யார் பார்க்கிறோம்? எங்கள் கொடி வருஷம் முழுக்கக் காய்க்கிற கொடி என்பதால் டிசம்பரிலும் காம்புக்குக் குறைவில்லை. குறைவு பழம் தின்கிற பொறுமைக்குத்தான். உதிர்ந்த பழத்தைத் தின்னக் கூடாது, கொத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காம்பு ஒடியாமல் திருகித் தின்ன வேண்டும் என்பது உத்தரவு. பெருங்கொத்தாகப் பார்த்து எங்களை உட்காரவைத்துத் தின்னவைப்பார். பன்னீர் திராட்சையைத் தண்டனையாகத் தின்ற பிள்ளைகள் நாங்களாகத்தான் இருப்போம்.

பனிக்கு இலவம்பஞ்சு. போடியில் அத்தையைக் கட்டிக்கொடுத்திருந்தது. மாமனுக்கு மெத்தை தைக்கிற கடை. போடி பக்கம் மலையடிவாரமெல்லாம் இலவ மரம்தான். கோடையில் காய் வெடிக்கும்போதே அத்தை ஒரு தலையணை உறை நிறையப் பஞ்சை அடைத்து "அண்ணனுக்குப் பனி" என்று எடுத்து வைத்துவிடுவாள். பனியை எங்களில் யாரும் பார்த்தது கிடையாது. ஆனால் பனிக்கும் எங்களுக்கும் ஒரு சொந்தம் உண்டு. இராயப்பன்பட்டிக் கோயில் பனிமய மாதா கோயில். ரோம் நகரத்தில் ஆகஸ்ட் மாத வெயிலில் ஒரு குன்றின் மேல் பனி பெய்து, மாதா தனக்குக் கோயில் கட்ட இடம் காட்டினாள் என்பது கதை. ஆகஸ்டிலேயே பெய்யுமென்றால் மார்கழியில் பெய்வதற்கு என்ன என்று அப்பா நினைத்திருக்க வேண்டும்.

இலவம்பஞ்சு பருத்தி அல்ல. இழை வழவழவென்று இருக்கும், எண்ணெய் தடவியதாகத் தோன்றும், பசையில் ஒட்டாது. ஃபேனைப் போட்டால் எழுந்து பறக்கும். டிசம்பர் கடைசி வாரம் முழுக்க எங்கள் வீட்டில் நிஜமாகவே பனி பெய்துகொண்டிருந்தது, காப்பியில், ரசத்தில், அப்பத்தாவின் கொண்டையில். அம்மா தும்மிக்கொண்டே முறுக்கு சுடுவாள். ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்னால் ஏற்றிய மெழுகுவர்த்தி சரிந்து பஞ்சில் பட்டது. இலவம்பஞ்சு எரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? எரிகிறது என்று கத்துவதற்குள் எரிந்து முடிந்துவிடும். சூசையப்பரின் கைத்தடியும் ஒரு ஆட்டின் முதுகும் கருகியதோடு போயிற்று. ஆட்டைத் தூக்கிப் போடலாம் என்றாள் அம்மா. அப்பத்தா விடவில்லை. "அது பாட்டுக்கு நிக்கட்டும். எந்த மந்தையிலதான் ஒரு கறுப்பாடு இல்ல?" அன்றிலிருந்து அதற்குத்தான் பாலனுக்குப் பக்கத்தில் இடம்.

குடில் அப்பத்தாவின் பொறுப்பில் தொடங்கும். டிசம்பர் நடுவில் பழைய ஹார்லிக்ஸ் மூடிகள், பால்பவுடர் டின்கள், அப்பா வெட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் கேன்கள் எல்லாவற்றிலும் மண்ணும் சாணியும் போட்டுக் கேழ்வரகும் கம்பும் விதைப்பாள். கிறிஸ்துமஸுக்கு அது பெத்லகேமின் புல்வெளி. இதில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் கைதான் ஓங்கியிருக்கும். அவர்கள் வருஷா வருஷம் அம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி போடுகிறவர்கள். எங்கள் வீட்டு மூலையறையை இருட்டாக்கி, டின்களை அடுக்கி, காலையும் மாலையும் அவர்களே வந்து தண்ணீர் தெளிப்பார்கள். அறைக்குள் செருப்போடு நுழையக் கூடாது, கவிச்சி சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. பயிர் நெடுநெடுவென்று வெளிர்மஞ்சளாக வந்தால் அவர்களுக்குச் சந்தோஷம். அப்பாவுக்கோ புல் பச்சையாக வேண்டும். "இருட்டுல வளத்தா எப்பிடி மதினி பச்சையா வரும்?" என்று கேட்பார். "வெளிச்சத்துல வளத்தா அது புல்லு. இருட்டுல வளத்தாத்தான் சாமி" என்று அவர்கள் சொன்னதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. கடைசி நாலு நாள் வெயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று உடன்பாடானது. எனவே எங்கள் பெத்லகேமில் புல் அடியில் மஞ்சளும் நுனியில் பச்சையுமாக இருக்கும்.

பொம்மைகள் விளாச்சேரிக் களிமண். மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊரில் கொலுவுக்கும் பொம்மை செய்வார்கள், குடிலுக்கும் செய்வார்கள். அப்பத்தா கல்யாணமாகி வந்த புதிதில் வாங்கிய செட்டில் மாதா, சூசையப்பர், பாலன், ஒரு சம்மனசு மட்டும் மிச்சம். ராஜாக்கள் மூன்று பேரும் எங்கள் காலத்துக்கு முன்பே உடைந்துவிட்டார்கள். அதற்குப் பதில் கம்பம் சந்தையில் வாங்கிய தலையாட்டி பொம்மைகள் இரண்டும், ஒரு கொலு செட்டியாரும். செட்டியாருக்கு முன்னால் இருந்த அரிசி பருப்புக் கடையை மட்டும் உடைத்து எடுத்துவிட்டு, கையில் ஒரு ஊசிமருந்துக் குப்பியைக் கொடுத்திருந்தார் அப்பா. அது வெள்ளைப்போளம். மாடு, தேனி மலைமாடு. சிவப்பு, கொம்பு மேல்நோக்கி. கொட்டில், கம்பத்தில் மாட்டுப் பொங்கலுக்கு ஊரே திரண்டு போகிற நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத்தொழுவின் சாயலில். பின்னால் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைக் கசக்கி நிறம் அடித்த மேகமலை. மலைக்குப் பின்னால் ஒரு குளுக்கோஸ் பாட்டில் தொங்கும். அதிலிருந்து வருகிற ட்யூப் வழியாகச் சுருளி அருவி விழும். சொட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்தச் சின்னச் சக்கரத்தைத் தொட அப்பாவைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை.

இதெல்லாம் பைபிளில் எங்கே இருக்கிறது என்று அம்மா ஒரு தடவை பங்குச் சாமியாரிடமே கேட்டுவிட்டாள். குடில்களை மந்திரிக்க வீடு வீடாக வந்திருந்தார். அவர் சிரித்துவிட்டு, 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்கிற மலைக்கிராமத்தில் அசிசி பிரான்சிஸ்தான் முதன்முதலில் இப்படிச் செய்து காட்டினார், அவரும் அந்த ஊர்க் குகையில் அந்த ஊர் மாட்டையும் கழுதையையும்தான் நிறுத்தினார், பெத்லகேமிலிருந்து ஓட்டிக்கொண்டு வரவில்லை என்றார். அப்பாவுக்கு அது போதும். அதன்பிறகு வருஷக்கணக்கில் யார் எதைக் கேட்டாலும் "பிரான்சிஸ்கே அப்பிடித்தான்" என்று வாயை அடைத்துவிடுவார்.

நாங்கள் வளர்ந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் போனோம். அப்பத்தா போய்ச் சேர்ந்தாள். குடில் ஒவ்வொரு வருஷமும் சுருங்கிக்கொண்டே வந்தது. சைனா சீரியல் செட் வந்த பிறகு அப்பாவின் நாற்பது பல்புச் சரமும் பரணுக்குப் போனது. அப்படியே நின்றுபோயிருக்கும். 2011 டிசம்பர் வந்தது.

அந்த மாதம் முல்லைப் பெரியாறு கொதித்தது. அணை பலமாக இல்லை, புது அணை கட்ட வேண்டும் என்று மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், குரல் எழுந்தது. இந்தப் பக்கம் பள்ளத்தாக்கு மொத்தமும் ரோட்டுக்கு வந்தது. கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் என்று ஆயிரக்கணக்கானவர்கள் குமுளியை நோக்கி நடந்தார்கள். கடையடைப்பு, 144 தடை, போலீஸ். குமுளிப் பாதையும் கம்பம்மெட்டுப் பாதையும் அடைபட்டன. ஏலத் தோட்டத்து வேலைக்குப் போனவர்கள் பயந்து இறங்கி வந்தார்கள், சின்ன மாமாவும்தான். ஐயப்ப சாமிகள் வேறு வழியாகச் சுற்றிப் போனார்கள். கிறிஸ்துமஸுக்கு நான் போய் இறங்கியபோது எங்கள் வாசலில் ஒரு வேன்கூட இல்லை. மார்கழியில் அந்த ரோடு அவ்வளவு வெறிச்சென்று கிடந்து நான் பார்த்ததே இல்லை.

மலையிலிருந்து கிளை வரவில்லை. அப்பா சுருளிப்பட்டியிலிருந்து கவாத்துக் குச்சிகளைக் கொண்டுவந்து கூம்பாகக் கட்டி மரம் செய்திருந்தார். குடில் பழைய அளவைவிட இரண்டு மடங்கு. மேகமலை இருந்த இடத்தில் அணை. ஓட்டை உடைத்துப் பொடியாக்கி, சலித்து, சுண்ணாம்போடு குழைத்துக் கட்டியிருந்தார், நிஜ அணையும் சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டியதுதான் என்பதால். குளுக்கோஸ் பாட்டில் அணைக்குப் பின்னால் போய்விட்டது, சொட்டுச் சக்கரம் மதகானது. தண்ணீர் மலையைக் குடைந்து இறங்கி, முளைப்பாரி வயல் வழியாக மாட்டுத்தொழுவுக்கு முன்னால் ஓடியது. அணையின் பக்கவாட்டில் பள்ளிக்கூடத்து ஸ்கேல் ஒன்றை ஒட்டி, 136 என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். 1979-லிருந்து தண்ணீரைத் தேக்க விட்டிருந்த அளவு அது. அணைக்கு மேலே காக்கி கால்சட்டை, தொப்பி, பெரிய மீசையோடு ஒருவர். கொலு செட்டில் இருந்த போலீஸ்காரருக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தது.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. "தாத்தா, அந்த மீசைக்காரரு யாரு?"

"அவருதாம்மா நாலாவது ராசா. பென்னிகுவிக் தொரை. மூணு பேரு பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் கொண்டாந்தாங்க. இவரு தண்ணி கொண்டாந்தாரு."

மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மறித்துக் கிழக்கே திருப்பி, 1895-இல் வைகைக்குக் கொண்டுவந்தவர் ஜான் பென்னிகுவிக். இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்றுக் கட்டினார் என்ற கதையை எங்கள் ஊரில் சாமி கதை சொல்கிற குரலில்தான் சொல்வார்கள். அவர் படம் மாட்டிய வீடுகள் பள்ளத்தாக்கில் நிறைய உண்டு. ஆனால் குடிலில் நிறுத்தியது எனக்குத் தெரிந்து அப்பா ஒருவர்தான். கோயில் இளைஞர்கள் நடத்திய குடில் போட்டியில் ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். துரையை எடுத்துவிட்டிருந்தால் முதல் பரிசாம். அப்பா பரிசை வாங்கப் போகவில்லை. ஆனால் ஊரில் பாதிப் பேர், வேதக்காரர்கள் இந்துக்கள் முஸ்லிம்கள் என்று எல்லாரும், அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்து பாலனைக் கும்பிட்டுவிட்டு அணையில் தண்ணீர் எவ்வளவு என்று குனிந்து பார்த்தார்கள். சின்ன மாமா, வேலை இல்லாத அந்த நாட்களில் மதகுக்குக் காவலாக எங்கள் வீட்டிலேயே கிடந்தார். குடிலை மூன்று ராஜாக்கள் திருநாளோடு, ஜனவரி 6-ஆம் தேதி, பிரித்துவிட வேண்டும். அப்பா பிரிக்கவில்லை. பென்னிகுவிக் பிறந்த நாள் ஜனவரி 15, அது முடியட்டும் என்றார். பொங்கல் பானையும் குடிலும் ஒரே வாசலில் இருந்தன.

அதற்குப் பிறகு அப்பாவை நிறுத்த முடியவில்லை. 2013 ஜனவரியில் லோயர் கேம்ப்பில் துரைக்கு மணிமண்டபம் திறந்தார்கள். அந்த டிசம்பரில் தெர்மாகோலில் மணிமண்டபமும் குடிலுக்குள் வந்துவிட்டது. 2014 மே மாதம் 142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நவம்பரில் தண்ணீர் 142-ஐத் தொட்டது. அப்பா ஒரு கிலோ சர்க்கரை வாங்கி வந்து தெருவுக்குக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து பழைய 136-ஐச் சுரண்டி அழித்தார். அணையை உயர்த்துவதற்காகக் குடிலின் பலகை அரை அடி முன்னே வந்தது. மாட்டுத்தொழு நகர்ந்தது. சூசையப்பர் ஓரத்துக்குப் போனார். கறுப்பு ஆடு மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

அப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கை நடுங்குகிறது, பல்பு உடைக்கிற வேலையைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது ப்யூஸ் போகிற குண்டு பல்பே கிடைப்பதில்லை, எல்லாம் எல்இடி. அதை உடைத்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அவருக்குக் கோபம். என் மகள் ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் நட்சத்திரத்தை வீட்டுக்குள் மாட்டிக்கொள்ள அனுமதி உண்டு. வெளியே, டீக்கடைப் பக்கம், மூங்கில்தான். திராட்சைக் காம்பு மரங்களைப் பார்த்துவிட்டு மகளின் சிநேகிதிகள் இதை எங்கே வாங்கலாம் என்று கேட்கிறார்களாம். "மூணு கிலோ திராட்ச வாங்கித் திங்கச் சொல்லு" என்றார் அப்பா.

போன கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்கும்போது ஸ்கேலில் 142-க்கு மேலே பென்சிலில் மெல்லிசாக ஒரு கோடு இருந்ததைப் பார்த்தேன். என்னப்பா இது என்று கேட்டேன்.

"152. அணைக்குப் பக்கத்துல இருக்கிற பேபி டேமைப் பலப்படுத்திட்டா ஏத்திக்கிரலாம்னு தீர்ப்புலயே இருக்கு. வந்ததும் பெயிண்ட் அடிச்சிரணும். எதுக்கும் பலகைய ஒரு ஜாண் முன்னால இழுத்துப் போடு."

அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட்டாள். "இழுங்க, நல்லா இழுங்க. அப்பறம் பாலனத் தூக்கி வாசல்ல வையிங்க. சத்திரத்துலதான் எடமில்ல, இந்த வீட்டுலயுமா?"

அப்பா காது கேட்காத மாதிரி, "அந்தத் தொழுவ மட்டும் கொஞ்சம் எடது பக்கம் தள்ளுப்பா" என்றார்.